டெக்சாஸிலிருந்து நியூஜெர்சிக்கு: நண்பருக்குத் துப்பாக்கி விற்கும் முன்

கேள்வி: டாலஸ் அருகே பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். இன்னும் ஆறு மாதத்தில் குடும்பத்துடன் கோயம்புத்தூருக்கே திரும்புகிறோம். என்னிடம் க்ளாக் 19 கைத்துப்பாக்கி ஒன்றும் மாஸ்பெர்க் 500 ஷாட்கன் ஒன்றும் இருக்கின்றன. முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் இரண்டையும் வாங்கிக்கொள்ள விரும்புகிறார். அவர் கிரீன் கார்டு வைத்திருப்பவர். எட்டு மாதங்களுக்கு முன் வேலை மாறி நியூஜெர்சியில் எடிசனுக்குப் போய்விட்டார். ஆனால் அவருடைய டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸ் இன்னும் காலாவதியாகவில்லை. அடுத்த மாதம் எங்களைப் பார்க்கக் காரில் வரும்போதே எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்கிறார். அது கூடாது என்றால் அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாமா? அல்லது துப்பாக்கிகளை இங்குள்ள கடையில் ஒப்படைத்து, எங்கள் இருவருக்கும் வேண்டிய டாலஸ் நண்பர் ஒருவர் தம் பெயரில் வாங்கி அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா? 2019இல் ஹூஸ்டனில் ஒருவருக்கு எந்தப் படிவமும் இல்லாமல் ஒரு துப்பாக்கி விற்றேன். அது சட்டப்படி சரிதான் என்றார்கள்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் மூன்று வழிகளுமே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றங்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், உங்கள் நண்பர் காரில் ஏறுவதற்கு முன் நீங்கள் அவரிடம் பேசிவிட வேண்டும் என்பதுதான். சட்டம் அனுமதிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அது அவ்வளவு சிக்கலானதும் அல்ல; ஆனால் அது தொடங்க வேண்டிய இடம் உங்கள் வீடு அல்ல, எடிசனில் உள்ள உங்கள் நண்பரின் காவல் நிலையம்.

2019இல் நீங்கள் செய்த விற்பனை சரியாக இருந்ததற்குக் காரணம் அது டெக்சாஸுக்குள் நடந்தது என்பதே. ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரு தனிநபர்கள் தங்களுக்குள் துப்பாக்கியைக் கைமாற்றிக்கொள்ளும்போது, வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடைசெய்த வகையினர் என்று விற்பவருக்குத் தெரியாமலும், அப்படி நினைக்க நியாயமான காரணம் இல்லாமலும் இருந்தால், கூட்டாட்சிச் சட்டம் பின்னணிச் சோதனை கேட்பதில்லை. டெக்சாஸ் சட்டமும் கேட்பதில்லை. வாங்குபவரின் வீடு மாநில எல்லைக்கு அப்பால் இருக்கும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வணிக உரிமம் இல்லாத ஒருவர், தம் மாநிலத்தில் வசிக்காத, உரிமம் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கியை விற்பதையும் கொடுப்பதையும் பண்டமாற்றுச் செய்வதையும் தடுக்கிறது. வெளி மாநிலத்தில் அப்படிப் பெற்ற துப்பாக்கியைத் தம் மாநிலத்துக்குள் கொண்டுவருவதை வாங்குபவருக்கும் தனியே தடுக்கிறது. ஆகவே ஒரே கைமாற்றத்தில் நீங்கள் ஒரு குற்றமும் அவர் ஒரு குற்றமும் செய்தவர்களாகிறீர்கள். தெரிந்தே மீறினால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு வரை சிறை.

அந்தச் சட்டம் பிறந்ததில் நீங்கள் வசிக்கும் ஊருக்கும் பங்குண்டு. 1963இல் டாலஸில் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி, சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப்பெயரில் அஞ்சல்வழி வரவழைக்கப்பட்டது. முகம் தெரியாத ஒருவருக்கு, இன்னொரு மாநிலத்துக்கு, ஒரு கூப்பனும் பண ஆணையும் போதுமாயிருந்த காலம் அது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகே சட்டம் நிறைவேறியது. மாநில எல்லையைத் தாண்டும் துப்பாக்கி, உரிமம் பெற்றுக் கணக்கு வைக்கும் ஒருவரின் கை வழியாகவே போக வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காண்பீர்கள்.

டெக்சாஸ் லைசென்ஸ் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இடறி விழும் இடம் இதுதான். இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒருவர் எந்த மாநிலத்தவர் என்பதை அவர் பையில் இருக்கும் அட்டை தீர்மானிப்பதில்லை. வீடாகக் கொண்டு வாழும் எண்ணத்தோடு அவர் எங்கே இருக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. இரண்டு மாநிலங்களில் வீடு வைத்து மாறி மாறி வாழ்பவர், எங்கே வாழ்கிறாரோ அந்தக் காலத்தில் அந்த மாநிலத்தவர். ராணுவத்தில் இருப்பவருக்கு அவருடைய நிரந்தரப் பணியிடம் உள்ள மாநிலமும் வசிப்பிடமாகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் படிப்புக் காலத்தில் அந்த மாநிலத்தவராகவே கொள்ளப்படுகிறார். உங்கள் நண்பர் எட்டு மாதமாக எடிசனில் வேலையும் வீடுமாக இருக்கிறார். விருந்தினராக உங்கள் வீட்டில் நான்கு நாள் தங்குவதால் அவர் மறுபடி டெக்சாஸ்காரர் ஆகிவிட மாட்டார். அவர் வீடு மாறியது உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், லைசென்ஸைப் பார்த்து நம்பிவிட்டேன் என்று நீங்கள் சொல்லவும் வழியில்லை. அது போக, நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்தவர் 60 நாளுக்குள் லைசென்ஸை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வேலையை அவர் முதலில் முடிக்கட்டும். சரியான முகவரியுள்ள அடையாள அட்டை இல்லாமல் நியூஜெர்சியில் எதுவும் நகராது.

அன்பளிப்பு என்று பெயர் மாற்றுவதாலும் பயனில்லை. சட்டத்தின் வாசகத்தில் விற்பது, கொடுப்பது, ஒப்படைப்பது எல்லாம் அடுத்தடுத்தே எழுதப்பட்டிருக்கின்றன. தந்தை மகனுக்குக் கொடுத்தாலும், அண்ணன் தம்பிக்குக் கொடுத்தாலும், இருவரும் வெவ்வேறு மாநிலத்தவர் என்றால் இதே விதிதான். விலக்குகள் இரண்டே: உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வந்து சேர்வது ஒன்று, வேட்டை, குறிபார்த்துச் சுடுதல் போன்ற சட்டத்துக்குட்பட்ட விளையாட்டுக்குத் தற்காலிகமாக இரவல் கொடுப்பது மற்றொன்று. உங்கள் நிலை இரண்டிலும் அடங்காது.

மூன்றாவது யோசனைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது, ஏனென்றால் அது ஒழுங்கான வழிபோலத் தோற்றம் தருகிறது: கடை இருக்கிறது, படிவம் இருக்கிறது, சோதனையும் நடக்கிறது. ஆனால் கடையில் நிரப்பும் 4473 படிவத்தில், துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்றொரு கேள்வி உண்டு. உங்கள் டாலஸ் நண்பர் அதற்கு ஆம் என்று எழுதும் கணத்தில் பொய் சொன்னவராகிறார். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அப்ரம்ஸ்கி வழக்கைக் கேளுங்கள். வர்ஜீனியாவில் முன்னாள் காவலர் ஒருவர், காவல்துறையினருக்கான தள்ளுபடி விலை கிடைக்கும் என்பதற்காக, பென்சில்வேனியாவில் இருந்த தம் மாமாவுக்காக ஒரு துப்பாக்கி வாங்கினார். அதுவும் க்ளாக் 19தான். மாமா முன்கூட்டியே 400 டாலருக்குக் காசோலை அனுப்பியிருந்தார். இருவருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்கள். அவர் அதைப் பென்சில்வேனியாவுக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள உரிமம் பெற்ற வணிகர் வழியாக, மாமாவுக்குச் சோதனையும் நடத்தியே ஒப்படைத்தார். அப்படியிருந்தும், முதல் கடையில் நானே வாங்குபவன் என்று குறித்தது குற்றம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் முடிவு செய்தது. உங்கள் திட்டத்தில் இரண்டாவது கடைகூட இல்லை; டாலஸ் நண்பர் நேரே கையில் கொடுப்பதாக இருக்கிறது. அப்படியானால் பொய்க் கையெழுத்தோடு மாநிலம் தாண்டிய கைமாற்றமும் அவர் தலையில் விழும், திட்டம் போட்ட உங்கள் இருவருக்கும் அதில் பங்கிருக்கும். உங்களுக்கு உதவ வந்த மூன்றாவது மனிதரை இதில் இழுக்காதீர்கள்.

மாநிலம் தாண்டிய கைமாற்றத்துக்கு ஐந்தாண்டுச் சிறை என்பது உச்ச அளவு; முதல் தவறுக்கு நீதிபதிகள் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அமெரிக்கக் குடிமகனான உங்களைப் பொறுத்தவரை அந்த ஆறுதலில் ஓரளவு உண்மை இருக்கலாம். உங்கள் நண்பரைப் பொறுத்தவரை இல்லை. குடிவரவுச் சட்டத்தில், துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வாங்கியதற்கோ விற்றதற்கோ வைத்திருந்ததற்கோ தண்டிக்கப்பட்ட, குடியுரிமை இல்லாத எவரும் நாடு கடத்தப்படலாம் என்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. கிரீன் கார்டு அதற்குக் கேடயம் ஆகாது. தண்டனை ஒரு நாள் சிறையாக இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பாகவே முடிந்தாலும், குற்றத்தீர்ப்பு ஒன்றே போதும். பல ஆண்டுகள் ஹெச்-1பி விசாவில் காத்திருந்து பெற்ற அட்டையை, ஒரு ஷாட்கனைக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு போன ஒரு பயணத்துக்காக இழக்கும் அபாயம் இது. உங்கள் நண்பரிடம் பேசும்போது, மற்ற எதையும்விட முதலில் இதைச் சொல்லுங்கள்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தனிநபரான நீங்கள், எந்த மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற வணிகருக்கும் துப்பாக்கியை அனுப்பலாம். அந்தத் தடையில் வணிகர்கள் அடங்கமாட்டார்கள். ஆகவே துப்பாக்கி உங்களிடமிருந்து நண்பருக்குப் போகாமல், நியூஜெர்சியில் உள்ள வணிகருக்குப் போகிறது. நண்பர் அந்தக் கடைக்குச் சென்று, 4473 படிவத்தை நிரப்பி, சோதனையில் தேறி, அங்கே பெற்றுக்கொள்கிறார். இங்குள்ளவர்கள் இந்த வணிகர்களை உரிமத்தின் பெயராலேயே எஃப்.எஃப்.எல். என்று அழைப்பார்கள். 1993இல் வந்த பிரேடி சட்டத்தின்படி, 1998 நவம்பர் முதல் கடைகளில் நடக்கும் உடனடிப் பின்னணிச் சோதனை பெரும்பாலான மாநிலங்களில் நேரே எஃப்.பி.ஐ. வழியாக நடக்கிறது, நியூஜெர்சியில் மாநிலக் காவல்துறையே நடத்துகிறது.

ஆனால் நியூஜெர்சியில் கடைக்குப் போகும் முன்பே நண்பர் கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள் உள்ளன. ஷாட்கனுக்குத் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை வேண்டும். கைத்துப்பாக்கிக்கு அது போதாது. ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியே வாங்கும் அனுமதிச்சீட்டு வேண்டும், வயது 21 நிறைந்திருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் அவர் தம் ஊர்க் காவல்துறை வழியாக விண்ணப்பிக்கிறார். கைரேகை பதிய வேண்டும். 2022இல் சட்டம் திருத்தப்பட்டது முதல், புதிதாக விண்ணப்பிப்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான சான்றையும் காட்ட வேண்டும். முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதைவிடக் கூடுதலாகவே காலம் எடுக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைத்துப்பாக்கி அனுமதிச்சீட்டு 90 நாள் செல்லும், தக்க காரணம் காட்டினால் இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். உங்களுக்கு ஆறு மாதம் இருக்கிறது, ஆகவே அவர் இந்த வாரமே தொடங்கினால் நேரம் போதும். அனுமதிச்சீட்டின் நகலை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை கைத்துப்பாக்கியை அனுப்ப வேண்டாம்.

இந்த இடத்தில் விசாவில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம். படிவத்தில் தம் குடிவரவு எண்ணைத் தர வேண்டும், அவ்வளவே. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்கு இயல்பில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் ஒன்றை ஏதேனும் ஒரு மாநிலத்தில் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகளில் அடங்கினால்தான் அவர் வாங்கவோ வைத்திருக்கவோ முடியும். அந்த உரிமம் காலாவதியான மறுநாளே, வீட்டில் இருக்கும் துப்பாக்கி குற்றப்பொருளாகிவிடுகிறது. இதை அறியாமல் வைத்திருப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். தடைசெய்யப்பட்டவர் வைத்திருப்பதற்கும், அப்படிப்பட்டவர் என்று தெரிந்தே அவருக்குக் கொடுப்பதற்கும் உள்ள உச்சத் தண்டனை 2022இல் பத்தாண்டிலிருந்து பதினைந்தாண்டாக உயர்ந்திருக்கிறது. அதுபோலவே கஞ்சாவைப் பற்றியும் படிவம் கேட்கிறது. நியூஜெர்சியில் பெரியவர்கள் அதைக் கடையில் வாங்கலாம் என்பது கூட்டாட்சிப் படிவத்துக்குப் பொருட்டல்ல என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது. நண்பரிடம் இதைக் கேட்கச் சங்கடப்படாதீர்கள்.

அனுப்பும் வேலையை நீங்களே செய்யாமல் டாலஸில் உள்ள ஒரு வணிகரிடம் விடுவதே நல்லது. கைத்துப்பாக்கியை அஞ்சலில் அனுப்பத் தகாத பொருளாக 1927ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்துவிட்டது. பெரிய தனியார் கூரியர் நிறுவனங்களும் இப்போது உரிமம் பெற்றவர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கிப் பொதிகளை ஏற்கின்றன. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் மட்டும் ஒருபோதும் வேண்டாம். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் தம் பதிவேட்டில் வரவு வைத்து, எடிசன் பக்கத்து வணிகருக்குச் செலவு எழுதி அனுப்புவார். இரண்டு கடைகளுமே கட்டணம் வாங்கும். அனுப்பும் செலவும் காப்பீடும் தனி. எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுக் கூட்டிப் பாருங்கள், ஏனென்றால் பழைய ஷாட்கன் ஒன்றின் விலையில் கணிசமான பங்கை இந்தச் செலவு விழுங்கிவிடக் கூடும்.

நியூஜெர்சி வணிகரை நண்பர் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் நீங்களே தொலைபேசியில் பேசி, தனிநபரிடமிருந்து வந்த துப்பாக்கிகளை அவர் ஏற்பாரா என்று கேட்டு, அவருடைய உரிமத்தின் நகலைப் பெறுங்கள். மது, புகையிலை, துப்பாக்கி ஆகியவற்றைக் கவனிக்கும் கூட்டாட்சித் துறையான ஏ.டி.எஃப். தன் இணையதளத்தில் உரிம எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்தால் அந்த உரிமம் உண்மையா, முகவரி சரியா என்று காட்டுகிறது. இரண்டு நிமிட வேலை. நகலை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள்.

உங்கள் க்ளாக் 19இல் ஒரு சிக்கல் இருக்கிறது. அதோடு கடையில் தரப்படும் வழக்கமான மேகசின் 15 தோட்டா கொள்ளும். நியூஜெர்சியில் 2018 முதல் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை வைத்திருப்பதே குற்றம். ஆகவே உங்களிடம் உள்ள மேகசின்களை டெக்சாஸிலேயே விற்றுவிட்டு, துப்பாக்கியை மேகசின் இல்லாமலோ 10 தோட்டா மேகசினுடனோ அனுப்புங்கள். துப்பாக்கியில் பிற்பாடு நீங்கள் ஏதேனும் மாற்றம் செய்திருந்தால், குழல் முனையில் மரை வெட்டிய குழலைப் பொருத்தியது போன்றவை இருந்தால், அதையும் அந்த வணிகரிடம் முன்பே சொல்லுங்கள். பம்ப் வகை ஷாட்கனான மாஸ்பெர்க் 500இல் பொதுவாக இத்தகைய தொல்லை இல்லை.

ஷாட்கனை மட்டும் நண்பர் டெக்சாஸிலேயே வாங்கிக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்டால் நியாயம்தான், ஏனென்றால் ரைஃபிளும் ஷாட்கனும் கைத்துப்பாக்கியைப் போல் அல்ல: இரு மாநிலச் சட்டங்களின் நிபந்தனைகளும் நிறைவேறினால், வணிகர் ஒருவர் வெளிமாநிலத்தவருக்கு அவற்றை நேருக்கு நேர் கொடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஆகவே நண்பர் நியூஜெர்சி அட்டையுடன் டாலஸ் கடைக்கு வந்து, படிவம் நிரப்பி வாங்குவது கோட்பாட்டளவில் சாத்தியமே. இங்கும் கடை நடுவில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டு வாசலில் கொடுப்பது இதில் அடங்காது. நியூஜெர்சியின் விதிகளுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டும் என்பதால் பல கடைக்காரர்கள் மறுத்துவிடுவார்கள். கைத்துப்பாக்கிக்காக எப்படியும் நியூஜெர்சிக் கடையை நாடுகிறீர்கள். இரண்டையும் அங்கேயே அனுப்புவது என் யோசனை.

நானே காரில் கொண்டுபோய் அந்த வணிகரிடம் கொடுத்துவிடுகிறேன் என்று நினைத்தால், கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பயணத்தில் துப்பாக்கியை, தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி எடுத்துச் செல்பவருக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிப்பது உண்மை. 2005இல் யூட்டா மாநிலத்தவர் ஒருவர் அதை நம்பியே, விமானத்தில் முறையாக அறிவித்துப் பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டார். நியூஜெர்சியின் நூவர்க்கில் இணைப்புப் பயணம் தவறி, பெட்டியோடு விடுதியில் இரவு தங்கினார். காலையில் விமான நிலையத்தில் மறுபடி நேர்மையாக அறிவித்தபோது கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த வழக்கில், விடுதியில் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. டாலஸிலிருந்து எடிசன் ஏறத்தாழ 1500 மைல். வழியில் குறைந்தது ஓர் இரவாவது எங்கோ தங்கியே ஆக வேண்டும்.

பணத்தைப் பற்றியும் மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியும் நண்பரோடு இப்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். சோதனையில் அவருக்கு மறுப்பு வரலாம். பெயர் ஒற்றுமையால்கூட வரும், நம் பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறுவதால் தாமதமும் நேரும். மறுப்பு வந்தால் நியூஜெர்சி வணிகர் துப்பாக்கியை நண்பரிடம் தர முடியாது. அது டாலஸ் கடைக்குத் திரும்பி வரும், நீங்கள் படிவம் நிரப்பிச் சோதனைக்கு உட்பட்டே அதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். அப்போது நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தால் அது நடக்காது. எனவே உங்கள் பயணத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பாகத் துப்பாக்கிகள் நண்பரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று நாள் குறியுங்கள். அந்த நாளுக்குள் அவருக்கு அனுமதிச்சீட்டு வராவிட்டால், டாலஸ் கடைக்காரரிடமே விலைக்குக் கொடுத்துவிடுங்கள். நண்பர் தரும் விலையைவிடக் குறைவாகத்தான் தருவார். ஆனால் ஒரே மதியத்தில் முடிந்துவிடும்.

எந்த வழியில் முடிந்தாலும் கடைக்காரர் தரும் ரசீதில் இரண்டு துப்பாக்கிகளின் தயாரிப்பு, மாதிரி, வரிசை எண், தேதி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் துப்பாக்கியை ஏ.டி.எஃப். மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள மையத்தில் தடம் தேடும்போது, தயாரித்தவர், மொத்த வணிகர், சில்லறைக் கடை என்று வந்து, கடையில் முதலில் வாங்கியவர் பெயரில், அதாவது உங்கள் பெயரில் வந்து நிற்கும். பத்தாண்டு கழித்து அப்படி ஒரு விசாரணை வந்தால், எந்தத் தேதியில் எந்த வணிகரிடம் ஒப்படைத்தீர்கள் என்று காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். அதைக் கோயம்புத்தூருக்கு எடுத்துச் செல்லும் கோப்பில், பாஸ்போர்ட்டுகளோடு வையுங்கள். 2019இல் ஹூஸ்டனில் விற்றதற்கும் தேதியும் வாங்கியவர் பெயரும் உள்ள ஏதேனும் ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ இருந்தால், பழைய கைபேசியைக் கைமாற்றும் முன் அதையும் அச்செடுத்து அதே கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.